தாய்மாமனாக வந்து உட்கார்ந்த வக்கீல்

1

போன சனிக்கிழமை கார் ஷெட்டைச் சுத்தம் செய்யப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழைய பெயின்ட் டப்பாக்கள், உடைந்த மடக்கு நாற்காலி இவற்றோடு மூலையில் சாய்ந்து கிடந்த நெளி பிளாஸ்டிக் போர்டு ஒன்றையும் குப்பை வண்டிக்காகத் தெருவோரம் வைத்துவிட்டேன். செண்பகம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"வத்தல் காயப்போட இருக்குத ஒரே சாமான் இதுதான். இதையும் தூக்கிப் போட்டாச்சா? ஒங்களுக்கு அந்த மனுசன் மேல அப்படி என்னதாங்க கோவம்?"

வற்றல் காயப்போட இந்த ஊரில் வேறு சாமான் கிடைக்காது என்பது சுத்தப் பொய். அவளுக்கும் அது தெரியும். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதி என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. எனக்கு அந்த மனுஷர் மேல் கோபமா? இத்தனை வருஷமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

அது ஒரு தேர்தல் போர்டு. நீலப் பின்னணியில் பெரிய வெள்ளை எழுத்தில் டெல்மர் என்று இருக்கும். டெல்மர் எங்கள் ஊர் வக்கீல், பழமைவாதி, இரண்டு முறை மாநிலச் சட்டசபைக்குப் போனவர், பாராளுமன்றத்துக்கு நின்று தோற்றவர். என் மகளுக்குத் தாய்மாமன் முறை. கடைசியில் சொன்னதை நீங்கள் இரண்டாம் தடவை படிப்பீர்கள் என்று தெரியும். முதலிலிருந்தே சொல்கிறேன்.

2

நான் ராஜபாளையத்துக்காரன். மில் சங்கை வைத்து எழுந்து, மில் சங்கை வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவன். கோயம்புத்தூரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தேன், மேல்படிப்புக்கு இங்கே வந்தேன், படித்து முடித்ததும் அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊரின் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏழு கடல் தாண்டி வந்தும் அதே பஞ்சுத் தூசியா என்று அப்பா எழுதிக் கேட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பச்சை அட்டைக்கு, அதாவது நிரந்தரமாக இங்கே தங்குவதற்கு, மில் மூலமாக விண்ணப்பித்தேன். அந்த ஃபைல் ஒரு ஆபீசில் தொலைந்தது, இன்னொரு ஆபீசில் கிடைத்தது, கிடைத்த இடத்தில் என் பெயரைக் காணோம். நம் ஊர் இனிஷியல் அவர்களுக்கு விளங்கவில்லை. முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து என் அப்பா என்று சொன்னால், அப்படியானால் உன் குடும்பப் பெயர் எங்கே என்பார்கள். இல்லை என்றால், எல்லோருக்கும் உண்டு, நீ மறைக்கிறாய் என்கிற மாதிரி பார்ப்பார்கள். ஒருநாள் நான் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றே கடுதாசி வந்துவிட்டது. செண்பகம் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

மில்லுக்கு வக்கீல் டெல்மர்தான். ஆறடிக்கு மேல் உயரம், கோடையிலும் கோட்டு, சட்டைப்பையில் பல் குத்தும் குச்சி. பீச் பழத் தோட்டக்காரர் மகன். பகலில் லாரி ஓட்டி, மாலையில் சட்டம் படித்து வக்கீல் ஆனவர். குடிக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மாட்டார், அரசாங்கம் யாருக்கும் எதையும் சும்மா கொடுக்கக் கூடாது என்பார். கவுண்டிக்கு, நம் மாவட்டம் மாதிரி, அரசு வக்கீலாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை திறந்த சாராயக் கடைகளை எல்லாம் மூடவைத்தவர் என்று ஊரில் பேர். என் கடுதாசியைப் படித்துவிட்டு அவர் சொன்னது நினைவிருக்கிறது.

"நீ இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதனால் இருப்பாய். இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால், நானே உன்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டிருப்பேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் தன் காரிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு மாநிலத் தலைநகர் ஆபீசுக்கு எத்தனையோ தடவை போனார். கவுன்டருக்குப் பின்னால் இருந்த அம்மாளிடம் அரைநாள் நின்றுகொண்டே வாதாடினார். இன்னொருவனாக இருந்தால் வேறு நாட்டுக்காரனுக்காக எதற்கு இந்தக் கஷ்டம் என்று விட்டிருப்பான். ஒரு ஆபீஸ் சட்டப்படி நடக்கவில்லை என்பதுதான் அவரைச் சுட்டது. எனக்காகச் செய்தாரா, சட்டத்துக்காகச் செய்தாரா என்று அப்போதே கேட்டிருக்கலாம். வேலை நடந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

3

மகள் பிறந்தாள். மீனா என்று பெயர் வைத்தோம். பதினொன்றாம் மாதத்தில் காது குத்தியாக வேண்டும் என்றாள் செண்பகம். தவறினால் மூன்றாவது வயது, அதுவரை மூளிக் காதோடு விட முடியாது.

செண்பகத்தின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் வந்துவிடும், ஆனால் அவர்கள் பேச்சு வேறு, மிடுக்கு வேறு. கோபுரத்துக்குக் கீழே பிறந்தவர்கள் என்கிற நினைப்பு எல்லோருக்கும் உண்டு. அவளுக்கு ஒரே அண்ணன், வேலுச்சாமி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ, டேப்ரிக்கார்டர் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். தங்கை மகளை மடியில் வைத்துக் காது குத்த வேண்டும் என்று புது வேட்டி சட்டை எடுத்து, மெட்ராசுக்குப் போய் விசாவுக்கு வரிசையில் நின்றார். உள்ளே இருந்தவர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, நீ திரும்பிப் போவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை என்றாராம். கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்த மனிதர் அவர். அதையே உருவிக் காட்டினாராம்.

அந்தச் சேதி வந்த வாரத்தில்தான் டெல்மர் எங்கள் வீட்டுக்கு வந்தார், பச்சை அட்டை கிடைத்துவிட்டது என்று சொல்ல. வீட்டில் சிரித்த முகமே இல்லை. என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். தாய்மாமன் என்றால் என்ன என்று விளக்கவே செத்த நேரம் ஆயிற்று.

"சரி, அந்தச் சகோதரர் வந்து என்ன செய்ய வேண்டும்?" என்றார்.

"ஒன்றும் செய்ய வேண்டாம். உட்கார வேண்டும். குழந்தை அவர் மடியில் இருக்கும்."

"உட்கார்வதுதானே? எனக்கு உட்காரத் தெரியும்."

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். ஆனால் செண்பகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, அவிய கூடப் பொறக்காத அண்ணன்தான? நம்மள இங்க இருக்க வச்சது அவியதான? ஒக்காரச் சொல்லுங்க" என்றாள். நம் ஊரில் தாய்மாமன் வர முடியாவிட்டால் பெரியப்பா மகன், சித்தி மகன் என்று எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள். இங்கே எங்களுக்கு நூறு மைல் சுற்றளவில் தமிழ் பேசுகிற ஆளே கிடையாது. யோசித்துப் பார்த்தால், எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வேறு யாராவது ஒரு நன்றி அட்டை அனுப்பியிருப்பார்கள். நாங்கள் உறவாக்கிக்கொண்டோம்.

காது குத்தியது ஒரு பெரிய கடை வளாகத்தில், தோடு விற்கிற கடையில். பபிள்கம் மென்றபடி ஒரு பெண், கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. டெல்மர் கோட்டும் டையுமாகச் சின்ன ஸ்டூலில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தார். செண்பகம் அவர் தோளில் ஒரு துண்டைப் போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து, பிள்ளையை மடியில் கொடுத்தாள். மீனா அலறினாள். டெல்மர் அவள் தலையைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கடைக்குள் தேங்காய் உடைக்க விடவில்லை, வெளியே கார் நிறுத்துமிடத்தில் உடைத்தோம். காவல்காரர் வந்து விசாரித்தார். அவருக்கும் டெல்மர்தான் பதில் சொன்னார், இது மத சுதந்திரம் என்று.

செண்பகம் போட்டோவை ஊருக்கு அனுப்பினாள். அண்ணன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். மூன்று தீபாவளி போயிற்று, வேலுச்சாமி மச்சானிடமிருந்து ஒரு வரி வரவில்லை. மாமியார்தான் யாரிடமோ சொல்லி எழுதவைத்தார்: கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் போட்டோவைக் கவிழ்த்து வைத்திருக்கிறானாம். யாராவது எடுத்துப் பார்த்தால், "எம் மடியில இருக்க வேண்டிய பிள்ள, எவன் மடியிலயோ இருக்கு" என்பானாம். செண்பகம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

4

டெல்மர் அந்த உறவை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமசுக்கும் வருவார், பொங்கலுக்கும் வருவார். ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் காபி மாதிரிக் குடிப்பார். மீனாவை மடியில் வைத்து அரசியல் சாசனம் வாசித்துக் காட்டுவார். அவளும் கதை கேட்பது மாதிரி கேட்டாள். தமிழ்க் கதை சொன்னால் எழுந்து ஓடிவிடுவாள்.

இதற்கிடையில் அவர் சட்டசபைக்கு நின்று ஜெயித்தார். வரி கூடாது, லாட்டரி கூடாது, பள்ளியில் பிரார்த்தனை வேண்டும். பள்ளி பஸ்ஸுக்குக் கூடுதல் நிதி கேட்ட மசோதாவுக்கு எதிராகக் கை தூக்கினார். மசோதா தோற்று, எங்கள் தெருவுக்குப் பள்ளி பஸ் வருவதே நின்றுபோனது. மறுநாளிலிருந்து தன் காரிலேயே மீனாவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் பள்ளியில் விட்டார், அந்தக் குளிர்காலம் முழுக்க. இவரை என்னவென்று சொல்வது?

எனக்கும் செண்பகத்துக்கும் குடியுரிமை கிடைத்ததும், அண்ணனுக்கு மனு போட வேண்டும் என்றாள் அவள். குடியுரிமை பெற்றவர்கள் உடன்பிறந்தவர்களைக் கூப்பிட ஒரு வழி இருக்கிறது, ஆனால் வரிசை பத்து வருஷத்துக்கும் மேல். மனு தயார் செய்தவர் டெல்மர். ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிப் பிறப்புப் பதிவில் மச்சானுக்குப் பெயரே இல்லை, ஆண் குழந்தை என்று மட்டும் இருந்தது. பெயர் வைப்பதற்கு முன்னாலேயே பதிந்துவிடுவது நம் வழக்கம் என்று விளக்கி, அதற்குச் சாட்சிப் பத்திரங்கள் வாங்கி, கமா புள்ளி விடாமல் செய்தார். செண்பகம் இதை ஊருக்கு எழுதினாள். அதற்குத்தான் முதல் பதில் வந்தது. நலம், நலமறிய ஆவல் என்று ஒரே வரி. அதை அவள் நாலு முறை படித்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் டெல்மர் பாராளுமன்றத்துக்கு நிற்பதாக அறிவித்தார். முதல் கூட்டத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தோம். பாதிப் பேச்சில் அவர் சொன்னார்: இந்த நாட்டுக்குள் வருகிறவர்கள் தகுதியால் வர வேண்டும், கணவன் மனைவி பிள்ளைகள் வரலாம், அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று ஊரையே இழுத்து வருகிற வழியை மூட வேண்டும், ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களையும் சேர்த்து. நான் ஜெயித்தால் முதல் வேலை அதுதான்.

கூட்டம் எழுந்து கை தட்டியது. செண்பகம் கை தட்டவில்லை. பக்கத்தில் மீனா தட்டினாள்.

ராஜபாளையத்தில் நான் மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்தவன். பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். விடிந்து பார்த்தால் அவர் புல்லட்டின் பின்னால் இவர் உட்கார்ந்து சத்திரப்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருப்பார். மேடை வேறு, வீடு வேறு. ஆகவே செண்பகத்திடம் தைரியமாகச் சொன்னேன், ஓட்டுக்காகப் பேசுகிறார், கண்டுகொள்ளாதே என்று. அவளும் "டெல்மர் அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாவ" என்றாள்.

அடுத்த முறை அவர் ரசம் குடிக்க வந்தபோது, மேடையில் சொன்னது மேடைக்காகத்தானே என்று நானே சிரித்துக்கொண்டு கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் நம்பாத ஒன்றை மேடையில் சொல்வேன் என்று நினைத்தாயா?" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "உன் மைத்துனரின் மனுவை நான் எவ்வளவு கவனமாகச் செய்தேன் என்று உனக்குத் தெரியும். இன்றைய சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அந்தச் சட்டம் தப்பு என்று நினைக்கிறேன். அதை மாற்றப் பார்ப்பேன். இதில் உனக்கு என்ன குழப்பம்?"

எனக்கு எல்லாமே குழப்பமாக இருந்தது. பொய் சொல்கிற அரசியல்வாதியை எப்படிச் சமாளிப்பது என்று எங்கள் ஊர் எனக்குச் சொல்லித் தந்திருந்தது. இவர் மாதிரி ஆளுக்கு என்னிடம் பாடம் இல்லை.

அதைவிடப் பெரிய அடி மீனாவிடமிருந்து வந்தது. பள்ளி முடிந்ததும் வீடு வீடாகப் போய் டெல்மரின் நோட்டீஸ் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாயா என்று அவள் அம்மா கேட்டாள்.

"படிச்சேம்மா. அதுல லாஜிக் இருக்கு. மாமா ஃபேமிலி இல்லம்மா, சட்டப்படி. நான் அவரைப் பாத்ததுகூட இல்ல."

செண்பகம் அவளை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

5

அந்த வருஷம்தான் மீனா பெரியவளானாள். மச்சான் போன் போட்டார், பத்து வருஷத்துக்கு மேல் கழித்து முதல் முறையாக. "காதுகுத்துதான் போச்சு. சடங்காவது எம் வாசல்ல நடக்கணும். கூட்டிட்டு வாங்க மாப்ள" என்றார். கோடை விடுமுறையில் கிளம்பினோம்.

கிளம்புவதற்கு முதல் நாள் டெல்மர் வந்தார். இந்தச் சடங்குக்கு மாமன் என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டு, சீர் என்று ஒரு கனத்த பெட்டி கொடுத்தார்.

சடங்கன்று சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. மச்சான் தன் தட்டுக்கு முன்னால் டெல்மரின் பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்து, மேலே மல்லிகை சுற்றித் தூக்கிவரச் சொன்னார். தூக்கிய பெண், "ஏட்டி, எம்புட்டுக் கனம், உள்ள தங்கமா இருக்கும்" என்றாள். பிரித்தால் தடிமனான ஒரு ஆங்கில அகராதி. கூட்டம் மலைத்துப் பார்த்தது.

"எங்க அண்ணன் சீரு" என்றார் மச்சான் பொதுவாக. "அமெரிக்காவுல வக்கீலா இருக்காவ."

மறுநாள் மத்தியானம் அவர் கடைக்குப் போனேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் போட்டோ நிமிர்ந்து இருந்தது. எப்போது திருப்பினார் என்று கேட்கவில்லை. ஒரு டி.வி.யின் வயிற்றைத் திறந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருப்பது அவருக்குச் செய்கிற துரோகம் என்று தோன்றியது. டெல்மர் எதற்காக நிற்கிறார், ஜெயித்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கையை நிறுத்தவில்லை. "அப்ப நான் வாரதுக்குள்ள கதவச் சாத்திருவாவளோ?"

"முயற்சி பண்ணுவார்."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் வந்ததுலேருந்து எம் மூஞ்சியப் பாத்தே பேச மாட்டேங்கா." ஈயப்புகை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "அவ தெனமும் எந்நேரம் எந்திரிப்பான்னு எனக்குத் தெரியாது மாப்ள. அங்க போயி ஒரு ரெண்டு தெரு தள்ளி இருந்தாப் போதும்னுதான் இந்த மனுவுக்கே சம்மதிச்சேன். ரேடியோ ரிப்பேர் எங்கயும் பாக்கலாம்."

டி.வி.யின் மூடியை மாட்டித் திருகாணியை முடுக்க ஆரம்பித்தார். சனிக்கிழமை காலையில் மீனாவைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போனார். எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலை, மலைமேல் பெருமாள் இருக்கிற கோயில். திரும்பி வந்த மீனாவின் முகம் சரியாக இல்லை. ஜீன்ஸ் முழுக்கத் தூசி. செண்பகம் என்ன என்று கேட்டாள்.

"மாமா என்ன ப்ரே பண்ணார் தெரியுமா? அங்கிள் டெல்மர் ஜெயிக்கணும்னு. தோத்தா நமக்குத்தான் தலைகுனிவுன்னார். ஜெயிச்சா நீங்க வர முடியாதேன்னு கேட்டேன். தெரியும்னார்." என் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சே வேண்டிக்கிட்டார்ப்பா. ஏன்ப்பா?"

நான் மச்சானைப் பார்த்தேன். வேண்டிக்கொண்ட கையோடு கோயில் வாசலில் அவளுக்காக வாங்கிவந்த கரும்பு ஜூஸை அவர் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

6

தேர்தலுக்குச் சில வாரம் முன்னால் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கேள்வி பதில் கூட்டம். தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு மீனா போய் மைக் முன்னால் நின்றாள். சட்டையில் டெல்மரின் தேர்தல் பேட்ஜ் இருந்தது.

"என் மாமா இந்தியாவில் இருக்கிறார். நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்று மலையேறிப் பிரார்த்தனை செய்தார். நீங்கள் ஜெயித்தால் அவர் வர முடியாது. அது தெரிந்தும் செய்தார். அவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

டெல்மர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"நன்றி சொல்வேன்" என்றார். "ஆனால் எனக்காக வேண்டிக்கொண்டார் என்பதற்காக என் எண்ணத்தை மாற்ற மாட்டேன். மாற்றினால், உன் மாமா வேண்டிக்கொண்ட ஆள் நானில்லை என்றாகிவிடும்."

பாதிப் பேர் கை தட்டினார்கள். மீனா பேட்ஜைக் கழற்றவும் இல்லை, அழவும் இல்லை, வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அது முதல் பக்கச் செய்தி.

ஓட்டுப் போட நானும் செண்பகமும் ஒன்றாகத்தான் போனோம். நான் திரைக்குப் பின்னால் நின்ற நேரத்துக்கு மெஷின் பழுதா என்று வெளியே இருந்தவர் கேட்டுவிட்டார். எங்களை இருக்கவைத்தவர். மச்சானை வரவிடாதவர். எப்படிப் பார்த்தாலும் ஒருவருக்குத் துரோகம். இங்கே ஒரே சமயத்தில் பல பதவிகளுக்கு ஓட்டுப் போடுவோம்; அந்த ஒரு பதவியை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். யாருக்குப் போட்டாய் என்று செண்பகத்தைக் கேட்டேன். "போட வேண்டியவியளுக்குப் போட்டேன்" என்றாள். இன்றுவரை அவ்வளவுதான்.

டெல்மர் தோற்றார். மீனாவின் கேள்வியாலா, பஸ் மசோதாவாலா, ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று அசிங்கமாகவும் இருந்தது. முடிவு தெரிந்த மறுநாளே மச்சான் போனில் வந்தார். "அவிய ஜெயிச்சாவளா?" சொன்னேன். "அடடா" என்றார். அந்த அடடாவில் பொய் இல்லை.

தோற்ற பிறகு டெல்மர் அரசியலை விட்டுவிட்டார். மனுவை விடவில்லை. மாதா மாதம் வரிசை எவ்வளவு நகர்ந்தது என்று அரசாங்கம் அறிவிக்கும். அறிவித்த அன்றே போன் செய்வார். "இந்த மாதமும் இல்லை" என்பார், தளர்ந்த குரலில். அந்த வழி இன்னும் திறந்திருக்கிறதே என்று தளர்ந்தாரா, மச்சான் இன்னும் வரவில்லையே என்று தளர்ந்தாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

7

போன வருஷம் மச்சானின் முறை வந்துவிட்டது. அவர் வீட்டம்மாவும் பையனும் பரீட்சை முடிந்து வருவதாக ஏற்பாடு, அவர் முதலில் தனியாக வந்தார். விமான நிலையத்துக்கு நாங்கள் மூவரும் போனபோது டெல்மர் எங்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார், அதே கோட்டு, அதே குச்சி. கையில் இந்த நீலப் போர்டு. மீந்துபோன தேர்தல் போர்டைத் திருப்பிப் பிடித்திருந்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்த இடத்தில் கறுப்பு மையால் மச்சானின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், இனிஷியலைச் சரியான இடத்தில் போட்டு. மீனா அதை வாங்கி, அவரிடமே பேனாவையும் வாங்கி, அதன் கீழே வேலுச்சாமி என்று தமிழில் எழுதினாள். கோணல்தான், ஆனால் பிழையில்லை. இதை அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

மச்சான் வெளியே வந்தார். செண்பகம் அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அவர் ஒற்றைக் கையாலேயே பையைத் துழாவி ஒரு புதுத் துண்டை எடுத்து, எட்டி டெல்மரின் தோளில் போட்டார். காதுகுத்தில் மாமனுக்குச் செய்கிற மரியாதை. செண்பகம் அன்றே செய்துவிட்டாள்; இன்னொரு மாமன் கையால் அது வர பதினெட்டு வருஷத் தாமதம்.

டெல்மர் துண்டைச் சரிசெய்துகொண்டு அவர் கையைக் குலுக்கினார். "வாருங்கள். அந்தச் சட்டம் தப்பு என்றுதான் இன்னும் நினைக்கிறேன்" என்றார்.

"என்ன சொல்லுதாவ?" என்றார் மச்சான்.

"வாங்கன்னு சொல்றார்" என்றேன்.

மீனா என்னை முறைத்துவிட்டு மீதியையும் சொன்னாள், தன் உடைந்த தமிழில். நான் தரையைப் பார்த்தேன்.

மச்சான் டெல்மரை மேலும் கீழும் பார்த்தார். "தாய்மாமன்னா முறுக்கத்தான் செய்வாவ. நான் முறுக்கலியா? முறுக்கிக்கிட்டாலும் வந்து நிக்காவல்ல" என்றார். பெட்டியை டெல்மர் தூக்கிக்கொண்டார்.

மச்சான் இப்போது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தங்கை எந்நேரம் எழுந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். நேற்று வற்றல் ஊற்றப் போர்டைக் கழுவிக்கொண்டிருந்தாள் செண்பகம். எந்தப் பக்கத்தில் ஊற்றுவாள் என்று ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பெயர் இருந்த பக்கத்தையும் ஈரம் போகத் துடைத்தாள், திருப்பி டெல்மர் பெயர் இருந்த பக்கத்தையும் துடைத்தாள். பிறகு மேலே ஒரு பழைய வேட்டியை விரித்து, எந்தப் பெயர் மேலே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதபடி, அதன்மேல் மாவை ஊற்ற ஆரம்பித்தாள்.